பெட்டியின் சாவி யாரிடம்?

(மதுரையில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதுரையில் நின்றுகொண்டு போலீஸ் காவலில் நடக்கும் சாவுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கண்ணகியைக் கூப்பிடாமல் விடுவதில்லை. பாவம், அவரை இன்று ஒருநாள் விட்டுவிடுவோம். நான் ஒரு பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் தெருமுனை மளிகைக்கடையில் கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்துத் தட்டில் அது இருக்கிறது. கறுப்பு நிறம், கணக்கு நோட்டு அகலம், முன்பக்கம் பச்சையாக ஒரு சின்ன விளக்கு. ஆயுத பூஜைக்குத் தராசுக்கு வைத்த கையோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார் அண்ணாச்சி. டி.வி.ஆர். என்று சொல்கிறோம். வாசலில், தெருவில், கல்லாவில் மாட்டிய கேமராக்கள் பார்ப்பதெல்லாம் அதற்குள் இருக்கும் ஹார்டு டிஸ்கில் போய்ச் சேரும். இடம் நிறைந்தால் பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதை மெனுவில் போய் மாற்றலாம். ஒரு விரல் வேலை. பத்து விநாடி ஆகுமா? அண்ணாச்சி பதினைந்து நாள் வைத்திருக்கிறார். “அதுக்குள்ள எவனாச்சும் எதையாச்சும் தூக்கிட்டுப் போயிருந்தா தெரிஞ்சிரும்லா” என்பது அவர் கணக்கு.

அந்தப் பத்து விநாடி வேலை மனதில் இருக்கட்டும். சாத்தான்குளத்துக்குப் போவோம்.

2020 ஜூன் 19. கொரோனா ஊரடங்கு. செல்போன் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்தார்கள் என்று ஜெயராஜை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். என்ன ஏதென்று கேட்கப் பின்னாலேயே போன மகன் பென்னிக்ஸும் உள்ளே வைக்கப்பட்டார். பென்னிக்ஸ் ஜூன் 22 இரவிலும், தந்தை மறுநாள் காலையிலும் இறந்தார்கள். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அடிகளை நான் விவரிக்கப் போவதில்லை. இந்தக் கதையில் வந்த இரண்டு பெட்டிகளை மட்டும் பார்க்கிறேன்.

முதல் பெட்டி கடைத்தெருவில் இருந்தது. எஃப்.ஐ.ஆர். என்ன சொன்னது? கடை முன்னால் கூட்டமாக நின்றார்கள், கலைந்து போகச் சொன்னதற்குத் திட்டினார்கள், தரையில் விழுந்து புரண்டார்கள், அதனால் உள்காயம் ஏற்பட்டது. தெருக் கேமராவில் பதிவானது வேறு. ஜெயராஜ் தெருவைக் கடந்து போலீஸ் வண்டியை நோக்கி நடந்து போகிறார். கூட்டம் இல்லை, சண்டை இல்லை. தரையில் யாரும் புரளவும் இல்லை. ஒரு மனிதர் நடந்து போகிறார், அவ்வளவுதான். அதைவிடச் சாதாரணமான காட்சி உலகத்தில் இருக்க முடியாது. எழுதி, சீல் வைத்து, கோர்ட்டுக்கு அனுப்பிய ஒரு கதையை அந்தச் சாதாரணக் காட்சி கிழித்துப் போட்டது.

இரண்டாவது பெட்டி ஸ்டேஷனுக்குள் இருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்து, கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசனை விசாரிக்கச் சொன்னது. ஸ்டேஷனுக்குப் போன அவரையே ஒரு காவலர் மரியாதையில்லாமல் பேசினார் என்பது அவருடைய அறிக்கையில் இருக்கிறது. என் கண் நின்ற இடம் அதுவல்ல. அங்கே கேமராக்கள் இருந்தன. ஹார்டு டிஸ்கில் 1 டெராபைட் இடம் இருந்தது. ஆனால் அன்றன்று பதிவானது அன்றன்றே அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. அந்த இரவின் பதிவு கிடைக்கவில்லை. அண்ணாச்சி பலசரக்குக்காகப் பதினைந்து நாள் வைத்திருப்பதை, ஆட்களை அடைத்து வைக்கும் இடத்தில் ஒரு நாள்கூட வைக்கவில்லை.

ஸ்டேஷனை வருவாய்த்துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், புகழேந்தி அமர்வு உத்தரவிட்டது. போலீஸ் ஸ்டேஷனைத் தாசில்தார் வந்து காவல் காத்தார். நான் ஒரு வக்கீல் ஆபீஸில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். அப்படி ஓர் உத்தரவை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். அந்த இருவரும் ஸ்டேஷனிலிருந்து நேராகச் சாவுக்குப் போகவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ரிமாண்டுக்குத் தகுதி என்று சான்று வாங்கப்பட்டது. வேறொரு மாஜிஸ்திரேட் முன் போனார்கள், ரிமாண்ட் ஆனது. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள், சிறை ஏற்றுக்கொண்டது. ரத்தம் நிற்காமல் லுங்கி மாற்றி லுங்கி கொண்டுபோய்க் கொடுத்ததாக உறவினர்கள் சொன்னார்கள். மூன்று வாசல். மூன்றிலும் சம்பளம் வாங்கும் மனிதக் கண்கள் இருந்தன. அங்கே எந்தக் கேமராவுக்கு வேலை இருந்தது, சொல்லுங்கள்.

சாத்தான்குளத்துக்கு 25 நாள் முன்னால், மே 25 அன்று, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்தினார். அந்த ஊர்ப் போலீஸ் முதலில் வெளியிட்ட அறிக்கையில் முழங்கால் இல்லை. கைது செய்யப்பட்டவர் முரண்டு பிடித்தார், பிறகு உடல்நலமில்லாதவர் போலத் தெரிந்தார், ஆம்புலன்ஸ் கூப்பிட்டோம், இறந்துவிட்டார் என்ற வகையில் இருந்தது. நம் எஃப்.ஐ.ஆரோடு பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டையும் எழுதிய கை ஒன்றே என்று சத்தியம் செய்வீர்கள். பள்ளிக்கூடம் படிக்கும் 17 வயதுப் பெண், டார்னெல்லா ஃபிரேசியர், நடைபாதையில் நின்று போனில் எடுத்த வீடியோ அன்றிரவே வெளியே வந்தது. மறு வருஷம் ஏப்ரலில் அந்தப் போலீஸ்காரர் கொலைக் குற்றவாளி என்று ஜூரி சொன்னது.

அதற்கும் முந்தையது 1991. லாஸ் ஏஞ்சலஸில் ரோட்னி கிங் என்பவரைப் போலீஸார் தடியால் அடித்ததை எதிர்வீட்டு மாடி பால்கனியிலிருந்து ஜார்ஜ் ஹாலிடே என்பவர் சோனி ஹேண்டிகேமில் எடுத்தார். போலீஸுக்குப் போன் செய்தார், அவர்கள் அக்கறை காட்டவில்லை. டேப்பை டி.வி. நிலையத்துக்குக் கொண்டுபோனார். நாடே பார்த்தது. ஆனாலும் 1992 ஏப்ரலில் சிமி வேலி கோர்ட்டில் போலீஸ்காரர்கள் விடுதலை ஆனார்கள். எப்படி? எதிர்த்தரப்பு வக்கீல்கள் அந்த டேப்பை மறைக்கவில்லை. அவர்களே ஜூரிக்குப் போட்டுக் காட்டினார்கள். படம் படமாக நிறுத்தி, “இங்கே பாருங்கள், எழ முயல்கிறார். இந்த அடி அதற்காக. இங்கே கால் அசைகிறது. இந்த அடி அதற்காக” என்று விளக்கினார்கள். ஓடும்போது கொடுமையாக இருந்தது, நிறுத்திப் பார்த்தால் நியாயமாகத் தெரியத் தொடங்கியது. தீர்ப்புக்குப் பிறகு ஊர் பற்றி எரிந்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். மத்திய வழக்கில் இரண்டு பேருக்குத் தண்டனை கிடைத்தது அடுத்த வருஷம்தான்.

வீடியோ இருந்தால் போதும், கதை முடிந்தது என்று நினைக்கிற இளைஞர்களுக்கு நான் சிமி வேலியைத்தான் சொல்வேன். வீடியோவுக்கு வாய் கிடையாது, யாராவது ஒருவர் பேச வைக்க வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே பாருங்கள். தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் சுட்டபோது வேன் கூரை மேல் ஏறித் துப்பாக்கியால் குறிபார்த்த ஆளை அன்று சாயங்காலமே நாம் எல்லோரும் டி.வி.யில் பார்த்துவிட்டோம். 13 பேர் செத்தார்கள். அருணா ஜெகதீசன் ஆணையம் இறுதி அறிக்கை கொடுக்க நான்கு வருஷம் ஆனது. 17 போலீஸ் அதிகாரிகள் மேல் நடவடிக்கை வேண்டும் என்றது. பார்ப்பதற்கு ஒரு சாயங்காலம், எழுதுவதற்கு நான்கு வருஷம்.

சரி, பெட்டிக்குத் திரும்புவோம். மேலே சொன்னவற்றில் உண்மையைக் காட்டிய கேமரா எதுவும் போலீஸுக்குச் சொந்தமானது அல்ல. தெருக் கடையின் கேமரா, பள்ளிப் பெண்ணின் போன், பால்கனிக்காரரின் ஹேண்டிகேம். இதை உச்ச நீதிமன்றமும் யோசிக்காமல் இல்லை. 2020 டிசம்பர் 2 அன்று நீதிபதி நாரிமன் தலைமையிலான அமர்வு பரம்வீர் சிங் சைனி வழக்கில் ஓர் உத்தரவு போட்டது. எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும். வாசலில், லாக்கப்பில், நடைவழியில், இன்ஸ்பெக்டர் அறையில், கக்கூஸுக்கு வெளியே, கட்டடத்தின் பின்புறத்தில். இருட்டிலும் தெரிய வேண்டும், சத்தமும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஒரு வருஷம். கட்டடத்தின் பின்புறம் என்று எழுதியவர்களுக்கு ஸ்டேஷன் என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது.

ஐந்து வருஷம் கழித்து, 2025 செப்டம்பரில், அதே உச்ச நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கு எடுத்தது. ராஜஸ்தானில் அந்த வருஷத்தின் முதல் எட்டு மாதங்களில் 11 பேர் போலீஸ் காவலில் இறந்ததாகப் பத்திரிகைச் செய்தி. ஸ்டேஷன் கேமராக்கள் வேலை செய்யவில்லை என்பது பிரச்சினை.

கேமராவுக்கு என்னதான் நோய்? என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். லாரி ஓட்டும் ஒரு பையனை ராத்திரி விசாரிக்கக் கூட்டிப் போய், காலையில் கை வீங்கி அனுப்பினார்கள். அவன் அம்மா எங்கள் ஆபீஸ் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிக் கொடுத்தேன், அந்த இரவின் பதிவு வேண்டும் என்று. மூன்று வரியில் பதில் வந்தது. குறிப்பிட்ட நாளில் கேமரா பழுது. அந்த அம்மா அதை வாங்கிப் பார்த்து, “அவ்வளவுதானா சாமி” என்றார். முப்பது வருஷ குமாஸ்தாவுக்கு அது அவ்வளவு இல்லை. இரண்டாவது மனு எழுதினேன். கேமரா பழுது என்று எந்தத் தேதியில் யாருக்குக் கடிதம் எழுதினீர்கள்? மெக்கானிக் எப்போது வந்தார்? பில் தொகை எவ்வளவு? எந்தக் கணக்கில் செலவு எழுதினீர்கள்? பதில் வந்தது. அப்படி ஆவணம் எதுவும் இல்லை. சர்க்கார் ஆபீஸில் மின்விசிறி பழுதானால்கூட நான்கு தாள் இருக்கும். பழுதானதற்குத் தாளே இல்லாத பழுது, பழுதே அல்ல. அந்த இரண்டு பதில்களையும் சேர்த்துப் பின் குத்தி வைத்தபோதுதான் வழக்குக்கு ஒரு பிடி கிடைத்தது.

சைனி உத்தரவிலேயே இதற்கு வழி இருக்கிறது. கேமரா கெட்டால் உடனே மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு எழுத வேண்டியது அந்த ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் வேலை. ஆகவே பழுது என்று சொன்னால் எழுதிய கடிதத்தைக் கேளுங்கள். வீடியோ கேட்பதைவிடக் கடிதம் கேட்பது பல நேரங்களில் பலன் தரும்.

வெளிநாட்டில் போலீஸ்காரர் நெஞ்சிலேயே கேமரா மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் ரியால்டோ என்ற சிறு நகரில் புகார்கள் பெரிதும் குறைந்தன என்றார்கள். பிறகு வாஷிங்டனில் 2,000 பேருக்கு மேற்பட்ட போலீஸாரை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. பலப்பிரயோகத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. எனக்கு ஆச்சரியமில்லை. கேமரா நெஞ்சில் இருந்தாலும் பெட்டி ஆபீஸில்தானே இருக்கிறது.

2025 ஜூன் கடைசியில் நமக்குப் பக்கத்துத் திருப்புவனத்தில் நடந்ததைப் பாருங்கள். மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். நகை காணாமல் போன புகார். எஃப்.ஐ.ஆர். கூடப் போடாமல் தனிப்படை விசாரித்தது. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். கோயில் ஊழியர் ஒருவர் கழிப்பறைக்குள் நின்று ஜன்னல் வழியாகப் போனில் எடுத்த சில விநாடிக் காட்சிதான் உயர் நீதிமன்றம் வரை போனது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. அந்த ஊழியர் பிறகு தனக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார். எனக்கு அந்த வீடியோவைவிட, அதை எடுத்த நேரத்துக் கைதான் கண்ணுக்குள் நிற்கிறது. கதவுக்கு வெளியே யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது. போன் மணி அடித்துவிடலாம்.

அப்படி எடுக்கிறவர்களுக்கு ஒரு குமாஸ்தாவின் புத்திமதி. எடுத்ததை வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, போனை மாற்றி, எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் எண் என்று ஒன்று எழுத வேண்டும். ஹாஷ் என்றால் அந்தக் கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். வாட்ஸ்அப் பொதுவாக வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். சுருங்கினால் ரேகை வேறு. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். இனிமேல் “இது ஏ.ஐ. வீடியோ” என்றும் சொல்வார்கள். ஆகவே எடுத்த போனை அப்படியே வைத்திருங்கள். ஸ்டேஷனுக்குள் படம் எடுத்தால் ரகசியச் சட்டத்தில் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயம் காட்டுவார்கள். மகாராஷ்டிராவில் ஒருவர் மேல் அப்படி வழக்குப் போட்டார்கள். ஸ்டேஷன் அந்தச் சட்டம் சொல்லும் தடை செய்யப்பட்ட இடம் அல்ல என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022-இல் வழக்கையே ரத்து செய்தது.

கேமரா இல்லாத காலத்தில் என்ன செய்தோம்? 1992 ஜூனில் வாச்சாத்தியில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஒரு மலைக்கிராமத்தைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு நடந்த காலத்திலேயே 54 பேர் செத்துப்போனார்கள். மீதி 215 பேருக்கும் 2011-இல் தண்டனை. வனத்துறை 126, போலீஸ் 84, வருவாய்த்துறை 5. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் வாயால் சொன்னார்கள், ஆளை அடையாளம் காட்டினார்கள், 19 வருஷம் சொன்னதையே சொன்னார்கள்.

அதற்கும் பின்னால் போனால் 1855. சென்னை மாகாணத்தில் சர்க்கார் ஆட்களின் சித்திரவதையை விசாரிக்கக் கம்பெனி ஆட்சியே போட்ட ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்தது. அண்ணாந்தாள், கிட்டி என்று நம் தமிழ்ச் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையில் அப்படியே இருக்கின்றன. ஆளை வளைத்துக் கட்டுவது ஒன்று. விரலைக் கட்டைக்கு நடுவே வைத்து நெரிப்பது இன்னொன்று. அந்தக் கமிஷனுக்குச் சித்திரவதையைவிட உறுத்திய விஷயம், அடிபட்டவன் பரிகாரம் தேடிப் போக வழியில்லை என்பதுதான். போலீஸிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1872-இல் சாட்சியச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். போலீஸை நம்பாதே என்று போலீஸை உருவாக்கியவனே சட்டம் எழுதிவிட்டுப் போனான். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது. அதை உறுதிசெய்து ஏற்பது மட்டும் இன்னும் நடக்கவில்லை.

நம்பிக்கை பற்றிப் பேசு என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இந்த வீடியோக்கள்தான் போலீஸ் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கையைக் கெடுக்கின்றன என்று ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். நல்ல மனிதர். நான் சொன்னேன், ஐயா, வீடியோ கெடுப்பதில்லை. வீடியோவுக்குப் பக்கத்தில் வைக்கப்படும் எஃப்.ஐ.ஆர். கெடுக்கிறது. ஒரு போலீஸ்காரர் அடித்தால் ஊர் அவரை வெறுக்கும். தரையில் புரண்டார்கள் என்று ஸ்டேஷனே எழுதினால், அடுத்து அந்த ஸ்டேஷன் எழுதும் உண்மையான திருட்டு வழக்கைக்கூட யார் நம்புவது?

நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரவுடி என்று சொல்லப்படும் ஒருவர் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று கீழே எழுதியிருக்கும். நாம் என்ன செய்கிறோம்? சிரிக்கும் முகம் ஒன்று போட்டுக் குடும்ப குரூப்புக்கு அனுப்புகிறோம். வழுக்கியதை யாரும் நம்பவில்லை. பொய் என்று தெரிந்தே ரசிக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை தரையில் புரண்டான் என்று எழுதும்போது மட்டும் அது பொய்யாகத் தெரிகிறது. இரண்டும் ஒரே பேனாவில் எழுதிய வாக்கியம். இந்த அரங்கில் மாவுக்கட்டுப் படத்தை ஒருமுறைகூட அனுப்பாதவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்கலாம் என்றிருந்தேன். வேண்டாம், நானே தூக்க முடியாது.

என் கோரிக்கை சின்னது. ஸ்டேஷன் பெட்டியின் சாவி ஸ்டேஷனில் இருக்கக் கூடாது. பதிவு அங்கிருந்து நேராக மாவட்ட நீதிமன்றத்தின் பொறுப்பில் போய்ச் சேரட்டும். பத்து விநாடி மெனு வேலை அங்கே யாருக்கும் எட்டாமல் இருக்கட்டும். செலவாகும் என்பார்கள். ஆகட்டும். கேமரா இருக்கிறது, பதிவு இத்தனை நாள் இருக்கும், இங்கே மனித உரிமை மீறல் நடந்தால் மனித உரிமை ஆணையத்தில் புகார் செய்யலாம் என்று வாசலில் தமிழிலும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும் என்பதும் சைனி உத்தரவில் உண்டு. வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் ஸ்டேஷன் வாசலில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று மட்டும். சாத்தான்குளத்தில் அழிந்துபோன அந்த இரவை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் ஏட்டு. விடிய விடிய அடித்ததையும், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருந்ததையும் அவர்தான் சொன்னார். நான் நூற்றுக்கணக்கான வாக்குமூலங்களில் கையெழுத்து வாங்கியவன். பேனாவைக் கையில் கொடுத்த பிறகு ஆட்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். சொன்னதற்குக் கையெழுத்துப் போட அவரும் முதலில் பயந்தார். கூட வேலை பார்க்கிறவர்கள் வெளியே நிற்கிறார்கள். மறுநாளும் அவர்களோடுதான் வேலை. மாஜிஸ்திரேட் திரும்பத் திரும்பத் தைரியம் சொன்னார், பாதுகாப்புக்கு உறுதி கொடுத்தார். அதற்கு வெகுநேரம் ஆனது. பிறகு அந்த அம்மா எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், உட்கார்ந்துகொண்டே பதில் சொல்கிறேன். முழங்கால் வலி.